ஓடி வந்த வழி

அர்கிரோ: ...குச்சியெல்லாம் வேண்டாம்யா. ஜெர்மன்காரங்கதான் ரெண்டு கையிலயும் குச்சி வச்சுக்கிட்டு வெள்ளை மலையில ஏறுவாங்க.

வார்திஸ்: அவங்க ஏறட்டும். இந்தக் கிரீட் தீவுல நடக்குறதுக்குன்னே வந்து நம்ம ரூமுக்குக் காசு குடுக்குறாங்க. நாம எதுக்குடி நடக்கணும்? வாழ்நாள் பூரா ஆட்டுக்குப் பின்னாடி நடந்தது பத்தாதா?

அர்கிரோ: அது வேலை. இது சுற்றுலா. சீசன் முடிஞ்சு ரூமெல்லாம் பூட்டியாச்சு. ஒரு தடவை நாமளும் போயிட்டு வரலாமேன்னு...

வார்திஸ்: போலாமே. வண்டியில.

அர்கிரோ: வண்டி வேண்டாம்.

வார்திஸ்: என் முழங்கால் என்ன சொல்லுதுன்னு கேட்டியா?

அர்கிரோ: அது தினமுந்தான் சொல்லுது. இந்த மேப்பைப் பாரு. இது நம்ம கடற்கரை. பள்ளத்தாக்கு வழியா ஏறுனா முதல் ராத்திரி உன் சிநேகிதன் ஸ்தெலியோஸோட ஆட்டுப்பட்டி.

வார்திஸ்: அவன் ரக்கிச் சாராயம் ஊத்தாம விடமாட்டானே. குடிக்கலைன்னா வருஷம் முழுக்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான். குடிச்சா மறுநாள் யாரு நடக்குறது?

அர்கிரோ: நான் நடப்பேன். நீ உருண்டு வா.

வார்திஸ்: உருண்டா கீழதான் வருவேன்.

அர்கிரோ: பேச்சுக்குக் குறைச்சல் இல்ல. பாலாடைக்கட்டியும் பார்லி ரஸ்க்கும் நான் கட்டி எடுத்துக்கிறேன். மறுநாள் கணவாய். அங்கதான நாம ஓடி வந்தப்ப என் செருப்பு பிஞ்சுது, ஞாபகம் இருக்கா?

வார்திஸ்: மறப்பேனா? முதுகுல சுமந்துட்டு இறங்குனேன். இந்தக் காலு அன்னிக்குப் போனதுதான்.

அர்கிரோ: அடேயப்பா... நாலு எட்டு சுமந்த. அதை வச்சு இன்னும் காபிக்கடையில, மலை தாண்டிப் பொண்ணைத் தூக்கிட்டு வந்தேன்னு பீத்திக்கிட்டுத் திரியுற.

வார்திஸ்: ஊரே ஒத்துக்கிச்சு. உனக்கென்ன? சரி... அந்தக் கணவாயத் தாண்டுனா உங்க ஊருல்ல வரும்?

அர்கிரோ: ...ஆமா.

வார்திஸ்: ஊருக்கு வெளிய இருக்குற ஊத்து வரைக்கும் போயிட்டுத் திரும்பிடலாம்.

அர்கிரோ: ஊத்து வரைக்கும் போனது போதும்யா. அம்மா செத்தப்பவும் அங்கதான நின்னேன்... கோயில் மணிச் சத்தத்தை மட்டும் கேட்டுட்டு வந்தேன். சாகுறதுக்குள்ள அந்த வீட்டு வாசலை ஒரு தடவை மிதிக்கணும்.

வார்திஸ்: வாசல்ல கால வச்சா சுடுவேன்னு சொன்னவன் உங்கண்ணன் மனூசோஸ்.

அர்கிரோ: அப்ப அவன் இளந்தாரி.

வார்திஸ்: இப்ப மட்டும் என்னவாம்? பிப்ரவரியில கானியா டவுன்ல உங்க சித்தி சாவுக்குப் போனியே... அவன் வரவே இல்லைன்னுதான சொன்ன?

அர்கிரோ: ...வந்தான்.

வார்திஸ்: என்னது?

அர்கிரோ: உங்கிட்ட பொய் சொன்னேன். பக்கத்துல வந்து உக்காந்தான். தலையெல்லாம் வெளுத்துப் போச்சு. அப்புறம்... வீட்டுக்கு வான்னான்.

வார்திஸ்: இதையாடி மறைச்ச?

அர்கிரோ: சும்மா கூப்பிடல. ‘நடந்து கூட்டிட்டுப் போனவன் நடந்தே கூட்டிட்டு வரட்டும்’னான். நீ மாடிப்படி இறங்கவே மூணு தடவை நிக்கிற. உங்கிட்ட எப்படிக் கேக்க? அதான் சுற்றுலா, மேப்புன்னு...

வார்திஸ்: கட்டிலுக்கு அடியில என் பூட்ஸ் இருக்கும். எடு.

அர்கிரோ: இப்ப எதுக்கு அது... ஏய்யா, இது புது சோலுல்ல? எப்பத் தைச்ச?

வார்திஸ்: ஈஸ்டருக்கு. மச்சான் எனக்கும் போன் பண்ணான். இதையேதான் சொன்னான்.

அர்கிரோ: அடப்பாவி... அப்ப இவ்வளவு நேரமா காலு, வண்டின்னு இழுத்ததெல்லாம்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

வார்திஸ்: உனக்கு மனசு இருக்கான்னு தெரியாம நான் எப்படிக் கூட்டிட்டுப் போறது? நீயா கேக்கட்டும்னு இருந்தேன். அன்னிக்கும் அந்த ஊத்துல நின்னு, என்னைக் கூட்டிட்டுப் போயிடுன்னு நீதானடி கேட்ட... தூக்கிட்டு வந்தேங்கிற கதையெல்லாம் காபிக்கடைக்கு மட்டுந்தான்.