நீர் திரும்பும் நேரம்

பெசார் தீவைச் சுற்றிப் பார்க்க ஒரு காலைப்பொழுது போதும், இன்ஸ்பெக்டர். மெதுவாக நடக்கிறவர்களுக்கும் போதும். மேட்டின் மேல் ஏறினால் மலாக்கா ஊரே ஒரு கோடு போலத் தெரியும். மகான்களின் சமாதிகள் உண்டு. நம்மவர்களும் போய்ச் சாம்பிராணி ஏற்றிவிட்டு வருவார்கள். சுற்றிலும் உப்புக்கடலாக இருக்க, நடுவே நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று. இவற்றையெல்லாம் சேதுபதிக்கு நான்தான் காட்டினேன்.

விசாரணை முடிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் காஜா பெராங்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து நடந்தே வந்தேன்.

சேதுபதி நல்ல பையன். சிங்கப்பூர்க் கடற்படைத் துறையில் வேலை. அங்கே வெள்ளைக்காரர்களிடம் காற்றுக் குடுவையை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் முக்குளிக்கக் கற்றிருந்தான். மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் என் மகள் சிவகாமசுந்தரியைக் கேட்டு வந்தார்கள். நான் விசாரித்தேன். வேலை சரி, பழக்கவழக்கம் சரி. பிள்ளையார் கோயிலில் நாலு பெரிய மனிதர்கள் முன்னால் தாம்பூலம் மாற்றினோம். என் கையால் கொடுத்தேன்.

அன்று மத்தியானப் பந்தியில்தான் அவன் சித்தி ருக்மணி பாயசம் குடித்துக்கொண்டே பெருமையாகச் சொன்னாள். “எங்க அக்கா, இவன் அம்மா, பொறப்புல சீனப் பொண்ணு. கைக்குழந்தையா எங்கப்பா வாங்கி வளத்தாரு. ஆனா கோலம் போட்டா நீங்க நாங்க எல்லாம் பக்கத்துல நிக்க முடியாது. செத்தப்போ ஊரே அழுதுச்சு.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

பூங்காவனம், என் மனைவி, அதைப் பெரிதாக எடுக்கவில்லை. “எங்க பொறந்தா என்னங்க? வளந்தது நம்ம சோத்துலதானே,” என்றாள்.

“சோறு ரத்தம் ஆகாது,” என்றேன்.

“அப்ப வேணாம்னு சொல்லிடுங்க.”

அவளுக்கு எங்கள் குடும்பத்தைப் பற்றி இவ்வளவு காலமாகியும் புரியவில்லை. தாம்பூலம் மாற்றிய பிறகு பெண் இல்லை என்று சொன்ன வழக்கம் எங்களுக்குக் கிடையாது. என் தங்கை அஞ்சலைக்கு மாற்றிய மறுநாளே, மாப்பிள்ளை குடித்துவிட்டு அடிப்பவன் என்று தெரிந்தது. அப்பா வாக்கை மாற்றவில்லை. அஞ்சலை அவனோடு வாழ்ந்து அவனாலேயே செத்தாள். ஆனால் எங்களைப் பார்த்து ஒருவன் ஒரு சொல் சொன்னதில்லை.

ஆகவே பெண்ணைக் கொடுக்கவும் முடியாது, கொடுக்காமல் இருக்கவும் முடியாது. இரண்டு பக்கமும் கதவைச் சாத்திய அறைக்குள் ஒரு மனிதன் எவ்வளவு காலம் நிற்பான்? வீட்டில் புடவை பேசினார்கள், பத்திரிகை பேசினார்கள். என்னைக் கேட்டால் நல்லது என்றேன். தொண்டையில் மீன் முள் நிற்கிறவனால் அவ்வளவுதான் பேச முடியும்.

கல்யாணத்துக்கு முன்னால் பெசார் தீவுப் பாறைகளுக்குக் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும் என்று சேதுபதியே எழுதியிருந்தான். என் தாத்தா காலத்திலிருந்து தீவுகளுக்குச் சாமான் ஏற்றிப் போகும் படகுகள் எங்களுடையவை. வருங்கால மாமனார் தன் படகில் அழைத்துப் போவதுதானே முறை.

புறப்படும்போது சிவகாமி வாசலில் நின்று சொன்னாள். “அப்பா, அவரை ரொம்ப நடக்க வைக்காதீங்க. அவரு தண்ணில மீனு, தரையில நண்டு.”

“நண்டுக்குக் கொடுக்கு இருக்கு, ஞாபகம் வெச்சுக்க,” என்றான் அவன். பிறகு நான் நிற்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். மரியாதை தெரிந்தவன்.

படகில் ஏறியதும், “மாமா, தண்ணி ஓடாம நிக்கிற நேரத்துலதான் இறங்கணும். மத்தியானத்துக்கு முன்னாடி இறங்கிட்டா நல்லது,” என்றான். கடற்படை அட்டவணையில் பார்த்திருக்கிறான். சரியாகத்தான் பார்த்திருந்தான்.

“அதுவரைக்கும் தீவைப் பார்க்கலாம், மாப்பிள்ளை,” என்றேன்.

பார்த்தோம். கிணற்றடியில் என் தாத்தா இந்த ஊருக்கு வந்த கதையைச் சொன்னேன். சமாதிகளில் அவன் விழுந்து கும்பிடும் வரை காத்திருந்தேன். மேட்டில் ஏறி, செமாபோக் எது, புக்கிட் ரம்பாய் எது என்று காட்டினேன். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். நான் பேச்சை நிறுத்தவில்லை. அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பெண் கொடுக்கிறவர் பேசும்போது நடுவில், நேரமாகிவிட்டது என்று ஒரு தமிழ்ப் பிள்ளை சொல்வானா? ஒரு வெள்ளைக்காரன் சொல்லியிருப்பான். சேதுபதியும் சொல்லியிருந்தால் இன்று உயிரோடு இருப்பான். தாய் யாராக இருந்தாலும் அவனை முறையாகத்தான் வளர்த்திருந்தார்கள். அதை நான் மறுக்கவில்லை.

கீழே இறங்கி வந்தபோது படகோட்டி ஹம்சா என்னைத் தனியே அழைத்து, “தவுக்கே, ஆயர் சூடா சூருட்,” என்றான். முதலாளி, நீர் வற்றத் தொடங்கிவிட்டது என்கிறான். எனக்குத் தெரியாதா? அந்தப் பாறைகளின் நிழலில் மேல்தண்ணீர் கண்ணாடி போலக் கிடக்கும். ஒரு படகு நீளம் தாண்டினால், அடியில் ஓடும் நீர் எருமையையும் இழுத்துக்கொண்டு போகும். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ நங்கூரத்தைப் போடு என்றேன். என் சம்பளம் வாங்குகிறவன். போட்டான்.

சேதுபதி குடுவையைக் கட்டிக்கொண்டு படகின் விளிம்பில் உட்கார்ந்தான். தண்ணீரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“நேரம் தாண்டின மாதிரி இருக்கு. இப்ப இறங்கலாங்களா, மாமா? நீங்க சொன்னா சரி.”

“இறங்கலாம்,” என்றேன்.

அது பொய் இல்லை. இறங்கலாம் என்றுதான் சொன்னேன். ஏறி வரலாம் என்று சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் குமிழிகள் வந்தன. பிறகு குமிழிகள் பாறையைத் தாண்டித் தூரத்தில் வந்தன. ஹம்சா கத்தினான், நங்கூரத்தை இழுத்தான். இழுக்கட்டும் என்று நான் உட்கார்ந்திருந்தேன். என் வாக்கு என்னிடமே இருந்தது. அதை நான் உடைக்கவில்லை. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் போயிற்று. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்கு மூச்சு முழுதாக வந்தது.

இதோடு விட்டிருப்பேன். ஆனால் விசாரணை அதிகாரி, “முதுமை காரணமாக நீரோட்டத்தின் நேரத்தைத் தவறவிட்டார்” என்று தீர்ப்பில் எழுதினார். ஹம்சாவும் பயந்துகொண்டு, தவுக்கேக்கு இப்போதெல்லாம் மறதி என்று சொல்லிவைத்தான். கோயிலில் நான் உள்ளே போனால் பேச்சு நிற்கிறது. பாவம், பெரியவர் என்கிறார்கள். கடலுக்கும் எங்களுக்கும் மூன்று தலைமுறை உறவு. எங்கள் வீட்டில் ஒருவர்கூட நீர் திரும்பும் நேரத்தைத் தவறவிட்டதில்லை.

நேற்று சிவகாமி காபி கொண்டுவந்தாள். அவன் போனதிலிருந்து அறையை விட்டு வெளியே வராத பெண். என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். “உங்களுக்கு வயசாயிருச்சுப்பா. மறந்துட்டீங்க. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல,” என்றாள். நான் பெற்ற பெண் என்னைப் பார்த்து இரக்கப்பட்டாள். இராத்திரி முழுக்க அதை யோசித்துப் பார்த்தேன். என்னால் தாங்கக்கூடியது இல்லை அது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். நேரம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவனை நடக்க வைத்தேன், தெரிந்துதான் இறங்கச் சொன்னேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள். பிறகு யாரையாவது அனுப்பி சிவகாமியிடம் சொல்லிவிடுங்கள், அவள் அப்பா எதையும் மறக்கவில்லை என்று. அதைக் கேட்டால் பெண்ணுக்கு மனம் ஆறும்.