நாற்பத்திரண்டு வெள்ளைக் கற்கள்

சுண்ணாம்பு வாங்கினால் கல் சுண்ணாம்பாகப் பார்த்து வாங்க வேண்டும். பொட்டலத்தில் வரும் பொடி இரண்டு மழைக்குத் தாங்காது. கல்லை முதல் நாளே தண்ணீரில் போட்டு நீற்றி, ஒரு கை உப்புச் சேர்த்து அடித்தால் அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் பளிச்சென்று நிற்கும். இதை இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பொறுமையாகக் கேட்கட்டும்.

மராட்டியிலேயே சொல்லியிருக்கலாம். முப்பத்தெட்டு வருடம் தேஹு ரோடு வெடிமருந்து டெப்போவில் ஸ்டோர் கீப்பராகக் குப்பை கொட்டியவனுக்கு மராட்டி வராதா என்ன. ஆனால் ஸ்டேஷன் ரைட்டர், நான் பத்து வாக்கியம் சொன்னால் ஒன்றாகச் சுருக்கி எழுதுகிறார். எனக்கு அது ஒத்துவராது. அதனால் தமிழில் எழுதி ஹரீஷிடம் கொடுக்கிறேன். ஹரீஷ் கோயம்புத்தூர்ப் பிள்ளை. புது அபார்ட்மெண்டில் இருக்கிறான், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, எங்கள் காடு காக்கும் கமிட்டிக்குச் செயலாளர். அவன் வாசித்து ஐயாவுக்கு இந்தியில் சொல்லுவான். நடுவில் தொண்டை அடைத்தால் தண்ணீர் குடித்துக்கொள் ஹரீஷ், அவசரமில்லை.

ஜம்புலிங்கம் ஒன்று சொன்னால் அதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று காலனிக்கே தெரியும். என் சம்சாரம், பேர் பவுன், முக்கால்வாசியைக் கழிப்பாள். இந்தக் காகிதத்தில் கல், கிணறு, நேரம் ஆகிய மூன்றையும் மட்டும் கழிக்க வேண்டாம். டெப்போ ரிஜிஸ்டரில் எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறேன்.

காலனிக்குப் பின்னால் இருப்பது பதினாறு ஏக்கர் காடு. தேக்கு, நாவல், புங்கன், வெயில் காலத்தில் தீப்பிடித்த மாதிரி பூக்கிற புரசு. மரம் இரண்டு லட்சம் என்று டிவிக்காரர்களிடம் சொன்னேன். ஆள் வைத்து எண்ணிவிட்டு இரண்டாயிரத்து முந்நூறு என்றார்கள். அவர்கள் செடிகளை எண்ணவில்லை.

அந்தக் காட்டைத் தள்ளிவிட்டுத்தான் பெரிய கடை வருகிறது என்றார்கள். பல் துலக்கும் பிரஷ்ஷிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை ஒரே கூரையில். கார் நிறுத்த மட்டும் எண்ணூறு இடம். உள்ளே போனவன் வெளியே வர இரண்டு நாள் ஆகும், சோறு கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று காலனிப் பெண்களைப் பயமுறுத்திப் பார்த்தேன். அவர்களுக்கு ஆசை வந்துவிட்டது. அதோடு பெண்களிடம் பிரசாரம் செய்வதை விட்டேன்.

பிறகு சிறுத்தையைக் கொண்டுவந்தேன். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஈர மண்ணில் முஷ்டியால் ஒரு குத்து, மேலே விரல் நுனியால் நான்கு அழுத்து. ஒரு வாரத்தில் பதினோரு சிறுத்தை உலவியது. அதில் ஒன்று கர்ப்பம். "உன் வாயிலேயே அது குட்டி போட்டுடும்" என்றாள் பவுன். கம்பெனியின் சைட் சூப்பர்வைசர் ஷ்யாம் மட்டும் நம்பவில்லை. ஹைவே பக்கத்து கேட் வழியாக ஜீப்பில் வருவான், ஜீப்பிலேயே போவான், ஷூவில் மண் படாத ஆள். தடத்தைப் போட்டோவில் பார்த்துவிட்டு, "காக்கா, உங்க பிப்ட்யா மூணு காலால நடக்குதே" என்று சிரித்தான். காக்கா என்றால் மராட்டியில் சித்தப்பா, பிப்ட்யா என்றால் சிறுத்தை. அன்றைக்கு எனக்கு நான்காவது காலுக்குப் பொறுமை இருக்கவில்லை, உண்மைதான்.

இனி பரமசிவம் அண்ணன்.

கமிட்டித் தலைவர் அவர். வயதில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர், டெப்போவிலும் கூட வேலை. வேலூர்ப் பக்கம், எங்கள் ஊரிலிருந்து நாலு கல் தூரம். ஒரே ரயிலில் வந்து இறங்கினோம், ஒரே வருடத்தில் கல்யாணம், அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ். அவர் வீட்டுக் குழம்பின் உப்பு எனக்குத் தெரியும், என் வீட்டுச் சண்டையின் காரணம் அவருக்குத் தெரியும்.

டெப்போக்காரர்களைப் பற்றி ஐயாவுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். வெடிமருந்துக் கொட்டகைகளுக்கு நடுவே போகிற வழிக்கு இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்த கல் வைத்திருப்பார்கள். வெள்ளைக் கல்லுக்கு உள்ளே நடந்தால் நீ மனிதன், வெளியே கால் வைத்தால் பார்சல் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். முப்பது, நாற்பது வருடம் அப்படி நடந்த காலுக்கு அது ரத்தத்தில் ஊறிவிடும். ஒரு கல்யாணத்துக்குக் காட்பாடி போயிருந்தோம். மண்டபத்துத் தோட்டத்தில் அழகுக்கு வெள்ளைக் கல் வைத்திருந்தான். அண்ணன் அதற்குள் நுழைந்தவர், பின்னால் வந்த மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேரையும் சேர்த்துக்கொண்டு தோட்டத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டார். முகூர்த்தம் தப்பியது. சரி, ஒரு சுற்று. முகூர்த்தமும் தப்பவில்லை.

எங்கள் காட்டிலும் அப்படி ஒரு வழி உண்டு. எந்தக் காலத்துக் காவல் சாவடிக்கோ போட்டது. சாவடி போய்விட்டது, வழி மட்டும் இருக்கிறது. காலனிக் கடைசி வீட்டில் தொடங்கி, பாழுங்கிணற்றுக்கு இருபது அடி முன்பாக இடப்புறம் வளைந்து, ஆலமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் முடியும். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அந்தக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது நான். தினமும் காலை ஆறு மணிக்கு அதில் நடப்பது நாங்கள் இரண்டு பேர். அண்ணனுக்கு வலது கண்ணில் புரை, இடது கண் சுமார். தீபாவளி கழித்து ஆபரேஷன் என்று தேதி வாங்கியிருந்தார்கள். அவர் மகள் தமிழரசி காட்டுக்குப் போகாதே என்று தினம் ஒரு பாட்டம் அழுவாள். "ஜம்பு அடிச்ச சுண்ணாம்பு இருக்கு. எனக்கு இன்னாத்துக்குக் கண்ணு" என்பார்.

எங்கள் போராட்டத்தைக் கம்பெனி நூறு நாள் பார்த்தது. பிறகு இறங்கி வந்தது. நாலு ஏக்கரை விட்டுவிடுகிறோம், நடக்கப் பாதை போட்டுத் தருகிறோம், கமிட்டி கையெழுத்துப் போட்டால் போதும் என்றது. ஸ்டேஷன் ரோடு டீக்கடையில் அண்ணன் அதை என்னிடம் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை காலை.

"கெடைச்ச நாலு ஏக்கராவைக் காப்பாத்திக்கலாம்டா ஜம்பு. ஆலமரம் அதுல வந்துடுது."

"மீதி பன்னெண்டு?"

"கோர்ட்டுக்குப் போனா பதினாறும் பூடும்னு வக்கீலு சொல்றாரு. நமக்கு வயசு இன்னா, தெம்பு இன்னா."

"பதினோரு சிறுத்தைங்க எங்க போவும்?"

அண்ணன் அரை கிளாஸ் கட்டிங் சாயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். "பதினொண்ணையும் உன் வூட்டு மச்சுல கட்டிக்கோ. திங்கக்கெழமை பதினோரு மணிக்குக் கையெழுத்து. நல்ல சட்டை போட்டுக்கினு வா."

எனக்குக் கோபம் வரவில்லை. நான் அவருக்கும் சேர்த்து டீக்குச் சொன்னேன், வெண்ணெய் தடவிய பன் மஸ்கா வாங்கிக் கொடுத்தேன். அவருக்குப் பன் மஸ்கா பிடிக்கும்.

அன்று மதியமும் சனிக்கிழமை மதியமும் வேலை செய்தேன். வளைவிலிருந்து பெஞ்ச் வரைக்கும் இருந்த கற்கள் நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றும் யானைக்குட்டி கனம் என்று எழுதக் கை வருகிறது, ஆனால் பத்துக் கிலோவுக்கு மேல் எதுவும் இல்லை. இடப்புறம் வளைந்த வழியை நேராக்கினேன். இருபத்தொன்று இந்தப் பக்கம், இருபத்தொன்று அந்தப் பக்கம், நூல் பிடித்த மாதிரி. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எப்போதோ இடிந்துவிட்டது, தரையோடு தரையாகத்தான் வாய் இருந்தது. அதன் மேல் கிடந்த இரும்புத் தகட்டை இழுத்து, ஷ்யாமின் ஆட்கள் சர்வேக்கு அடித்திருந்த சிவப்பு முளைகளுக்குப் பக்கத்தில் போட்டேன். வாயில் சுள்ளி பரப்பி, மேலே தேக்கிலை போட்டேன். தேக்கிலை மாதிரி இலை உலகத்தில் இல்லை. ஒன்று போட்டால் ஒரு முழம் மறையும். கிணற்றின் ஆழம் தீயணைப்புக்காரர்கள் அளந்தது, முப்பத்தெட்டு அடி. கழிக்க வேண்டாம்.

இது கம்பெனிக்காரர்களுக்காக நான் போட்ட வழி. அதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சர்வே ஆள் கால் உடைந்து கிடந்தால் வேலை ஆறு மாதம் தள்ளிப்போகும் என்பதுதான் கணக்கு. எதிரி வருகிற வழியில் பள்ளம் வெட்டுவது ராஜாக்கள் காலத்திலிருந்து இருக்கிற முறை.

ஞாயிற்றுக்கிழமை முழங்கால் வலி, பின்னாலேயே வருகிறேன் என்று அண்ணனுக்கு போன் செய்தேன். பவுன் பிளாஸ்கில் டீ ஊற்றிக் கொடுத்தாள். நான் அவருக்கு முன்பே மாந்தோப்புப் பக்கமாகச் சுற்றிப்போய் ஆலமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் அந்த இடம் நன்றாக இருக்கும். இருவாட்சிப் பறவை ஒன்று வரும். அன்றைக்கும் வந்தது.

ஆறு பன்னிரண்டுக்குச் சுள்ளி முறிந்தது.

அவர் என் பெயரைத்தான் கூப்பிட்டார். ஏழு தடவை. டெப்போக்காரன் எதையும் எண்ணாமல் விடமாட்டான். எட்டாவது தடவை மகளைக் கூப்பிட்டார், "தமிழு" என்று. அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கற்களைப் பழைய இடத்தில் வைக்க ஆரம்பித்தேன். இரண்டு மதியம் எடுத்த வேலை, ஒரு மணி நாற்பது நிமிடத்தில் முடிந்தது. பழைய குழிகள் தயாராக இருந்தன அல்லவா. பாதி வேலையில் சத்தம் நின்றுவிட்டது. அதன் பிறகு வேலை இன்னும் சுறுசுறுப்பாக நடந்தது.

எட்டரைக்குத் தமிழரசி வாசலில் வந்து நின்றாள். "சித்தப்பா, அப்பா உங்களோட இல்லியா?" தேடப் போன கூட்டத்துக்கு முன்னால் போனவன் நான்தான். தகடு எங்கே கிடக்கிறது என்று முதலில் கண்டுபிடித்துக் காட்டியவனும் நான்தான். அதை வைத்து ஷ்யாமைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். அண்ணனின் ஊர்வலத்தில் நாலாயிரம் பேர். நானூறு. காலனியில் அதற்கு முன்னால் எந்த ஊர்வலத்திலும் நானூறு பேர் வந்ததில்லை. பிளக்ஸில் அவர் படத்துக்குக் கீழே 'காட்டுக்காக உயிர் கொடுத்தவர்' என்று எழுதச் சொன்னது நான். எழுத்துப் பிழை இல்லாமல் எழுத வைப்பதற்குள் உயிர் போய்விட்டது.

கம்பெனி இருபது நாளில் மூட்டை கட்டியது. சாகண் பக்கம் வேறு நிலம் வாங்கி அஸ்திவாரமும் போட்டுவிட்டார்கள். இனித் திரும்பி வரமாட்டார்கள். பதினாறு ஏக்கரும் அப்படியே நிற்கிறது. போய்ப் பாருங்கள்.

அப்படியிருக்க, போன வாரம் பேப்பரில் அரைப் பக்கம் போட்டிருந்தான். ஹரீஷ் லேப்டாப்போடு ஆலமரத்தடியில், என் பெஞ்சில், உட்கார்ந்திருக்கிற போட்டோ. இன்டர்நெட்டில் அவன் எழுதிய மனுவில் முப்பதாயிரம் பேர் கையெழுத்துப் போட்டதால்தான் காடு பிழைத்ததாம். முப்பதாயிரம் பேரில் ஒருவனாவது ஒரு கல்லைத் தூக்கியிருப்பானா? நீயே சொல் ஹரீஷ், நான் உன்மேல் கோபமாக இல்லை. கமிட்டிக் கூட்டத்தில் நான் எழுந்து, மனுவால் ஒன்றும் நடக்கவில்லை என்றேன். "அப்ப சிறுத்தையாலயா அங்கிள்?" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அதே டீக்கடைச் சிரிப்பு.

அதனால்தான் எழுதுகிறேன். காட்டைக் காப்பாற்றியது நான். எழுபது வயதுக்கு இரண்டு குறைச்சல், ஒரு முழங்கால் சரியில்லை, நாற்பத்திரண்டு கல்லை இரண்டு தடவை தூக்கினேன். ஷ்யாமை வெளியே விடுங்கள். அவ்வளவு சாமர்த்தியம் அவனுக்கு இல்லை. இப்படி ஒரு வேலையை அவன் பெயரில் எழுதிவைப்பது அக்கிரமம். மன்னிப்புக் கேட்பதற்கு இந்தக் காகிதத்தில் நான் இடம் விடவில்லை. தூக்கில் போட்டாலும் பதினாறு ஏக்கர் நிற்கும். என்னை எந்த ஜெயிலில் வைத்தாலும் அடுத்த ஆயுத பூஜைக்குக் கற்களுக்கு யாராவது சுண்ணாம்பு அடிக்க வேண்டும், கல் சுண்ணாம்பாக வாங்கச் சொல்லுங்கள்.

இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு இதோடு முடிந்தது. கையெழுத்து, தேதி எல்லாம் போட்டுவிட்டேன். இனி வருவது உனக்கு மட்டும் ஹரீஷ்.

நீ புத்திசாலி, கேட்பாய் என்று தெரியும். ஷ்யாமும் அவன் ஆட்களும் ஒரு நாள்கூட அந்த வழியில் நடந்ததில்லை. ஹைவே கேட்டில் ஜீப்பில் வந்து ஜீப்பிலேயே போனார்கள். வெள்ளைக் கல்லுக்கு என்ன அர்த்தம் என்றே அவர்களுக்குத் தெரியாது. உலகத்தில் அந்தக் கற்களை நம்பி நடந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவன் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஆனாலும் அது கம்பெனிக்காரர்களுக்காகப் போட்ட வழிதான். இந்தப் பத்தியை மட்டும் ஐயாவுக்கு இந்தியில் சொல்லாதே, அண்ணன் காட்டுக்காகச் செத்தார் என்று தமிழரசி நம்பிக்கொண்டிருக்கிறாள், நானும்தான்.