ஐந்தாவது கதவு

எங்கள் ஃபோகோ தீவில் வீட்டைக் காலி செய்வதென்றால் முதலில் கதவுகளைத்தான் கழற்றுவோம். எரிமலையின் பள்ளத்துக்குள் இருக்கும் எங்கள் ஊரில் மரம் அரிது. இருப்பதெல்லாம் கறுப்புச் சாம்பலும் திராட்சைக் கொடியும். மலை வெடித்து நெருப்புக் குழம்பு ஊருக்குள் இறங்கினால் கட்டிலைக்கூட விட்டுவிட்டுப் போவோம், கதவை விடமாட்டோம். என் அண்ணன் எவுசேபியோ வீட்டில் ஐந்து கதவுகள். நான் நான்கைத்தான் கொண்டுவந்தேன். அதைத்தானே கேட்கிறீர்கள், ஐயா? சொல்கிறேன். நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணனைக் கெட்டவன் என்று சொல்ல ஊரில் ஆள் கிடையாது. நானும் சொல்லமாட்டேன். அப்பா தோட்டத்தைப் பிரித்தபோது கீழ்ப் பக்கம் எனக்கு வந்தது, மேல் சரிவு அவனுக்கு. கீழே, எல்லோரிடமும் இருக்கும் கறுப்புத் திராட்சை. மேலே, சாம்பலில் தோண்டிய குழிகளுக்குள் வெள்ளைத் திராட்சை. வருஷத்துக்கு முந்நூறு பாட்டில் ஒயின் தேறினால் பெரிய விஷயம். கப்பலில் வருகிறவர்கள் அவன் பெயரைக் கேட்டுக்கொண்டுதான் மலையேறுவார்கள். அவன் வீட்டு விருந்தில் வெள்ளை தீர்ந்த பிறகுதான் என் ஒயினை ஊற்றுவார்கள்.

அந்த முறை மலை வெடித்தபோது முதல் நாளே என் தோட்டம் போய்விட்டது. மூன்றாம் நாள் குழம்பு அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பியது. மேல் சரிவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணி ஃபவுஸ்தாவை முன்பே நகரத்துக்கு அனுப்பியிருந்தோம். நான் திருப்புளியும் கையுமாகக் கீல்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் ஜன்னலில்லாத பீப்பாய் அறையில் வெள்ளை ஒயினைக் குடுவைகளில் இறக்கிக்கொண்டிருந்தான்.

“என்னடா, மூஞ்சி அடிபிடிச்ச கச்சூப்பாக் கூழு மாதிரி இருக்கு?” என்று உள்ளிருந்தே சிரித்தான். “கொடி போனா போவுது, விடு. இனிமே எங்கூட வந்து குழி தோண்டு. வயிறு வாடாம உங்க அண்ணி பாத்துக்குவா.”

அந்த அறைக் கதவு ஒன்றுதான் பாக்கி. அதைக் கழற்றத்தான் போனேன். கழற்றாமல் சாத்தி, வெளியே குறுக்காக இரும்புத் தாழைப் போட்டேன். கோபம்கூட வரவில்லை. கை தன் வேலையைச் செய்தது.

சாலையிலிருந்து சிப்பாய் ஒருவர் கத்தினார். “உள்ள யாராச்சும் இருக்காங்களா?”

“யாரும் இல்லீங்க. அண்ணன் முதல் வண்டியிலயே போயிட்டாரு.”

நெருப்புக் குழம்பைக் கொடுமைக்காரி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது வருகிற வேகத்தில், எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு எழுந்து போகலாம். எனக்கு நான்கு மணி நேரம் கொடுத்தது. சுவரில் உட்கார்ந்து ஆட்டுப் பாலாடைக்கட்டி தின்றேன். இன்னும் ஒரு மணி நேரம் கழித்துத் திறந்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த மணியிலும் அதையே நினைத்தேன். தாழைத் தூக்க ஒரு கை போதும்.

ஒயினுக்காகத் திரும்பிப் போய் மாட்டிக்கொண்டான் என்று ஊரே அழுதது. நானும் அழுதேன், அது நடிப்பில்லை. பிள்ளையில்லாத அண்ணி தோட்டத்தை என்னிடமே விட்டாள். அன்றிலிருந்து மனசாட்சி என்னைத் தின்கிறது. வெள்ளை ஒயினை நானே இறக்குகிறேன், ஒரு வாய் குடித்ததில்லை. புது வீட்டில் அந்த நான்கு கதவுகளையும் மாட்டியிருக்கிறேன், பாருங்கள். ஒன்றையும் சாத்துவதில்லை. போன ஞாயிறு அண்ணி வந்து அவற்றை விரல்விட்டு எண்ணினாள். எண்ணிவிட்டு, ஆளில்லாத அறையின் கதவை மட்டும் ஏன் விட்டுவந்தேன் என்று கேட்க உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள்.

அவன் தட்டினானா என்று கேட்பீர்கள். தட்டினான். பூமி அதிர்ந்ததில் நிலை இறுகிக் கதவு சிக்கிக்கொண்டது என்றே கடைசிவரை நம்பினான். வெளியிலிருந்து நானும் தோளால் இடித்தேன், அவனுக்குக் கேட்கட்டும் என்று. சூடு சுவரைத் தொட்டபோது அவன் தட்டுவதை நிறுத்தினான்.

“வல்தீனோ, இடிச்சது போதும்டா. தோள்பட்டை போயிடும். நீ ஓடிப் போ. அந்த வெள்ளைக் கொடிய மட்டும் விட்றாத. இனிமே அது உன்னுது.”

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. தாழைப் போட்டவன் நான்தான். ஆனால் தோட்டத்தை நான் பறித்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அது அவனாகவே கொடுத்தது.