யோசாமுவை நான் மன்னித்த விதம்

உங்கள் ஸ்டேஷன் டீயில் இஞ்சி போடுவதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. பரவாயில்லை, மன்னித்துவிட்டேன். மன்னிப்பது எனக்குக் கைவந்த விஷயம். புன்யோனி ஏரிக்கரையில் இந்த மவுடாவைப் பற்றி யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என் மகன் எனோசி நான்கு வருடங்களுக்கு முன் ஏரியில் மூழ்கிச் செத்தான். குடிபோதையில் தவறி விழுந்தான் என்று கூடப் போன அவன் சிநேகிதன் யோசாமு சொன்னான். நம்பினோம். போன மாதம் யோசாமு இரட்சிக்கப்பட்டான். எங்கள் வழக்கம் உங்களுக்கே தெரியும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று, பழைய பாவத்தை எல்லார் முன்னாலும் சொல்லியாக வேண்டும். சொன்னான். வலைக்காகச் சண்டை, துடுப்பால் மண்டையில் ஒரு அடி.

"அம்மா, நான்தான் கொன்னேன்," என்று என் முன்னால் மண்டியிட்டான்.

சபை முழுக்க என்னையே பார்த்தது. அவனைத் தூக்கிக் கட்டிக்கொண்டேன். பாடினார்கள், கை தட்டினார்கள். உங்களிடம் வந்து சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. கடவுளே கழுவிவிட்டவனை நீங்கள் எங்கே தொடுவது?

வெளியே வந்து போதகர் எரியாபுவிடம் ஒரு சந்தேகம் கேட்டேன்.

"யோசாமு செத்தா எங்க போவான், போதகரே?"

"நேரா பரலோகம்தான். இதுல என்ன சந்தேகம், மவுடா?"

"அப்ப என் எனோசி?"

அவர் செருப்பிலிருந்த சேற்றைப் பார்த்தார். "குடிச்சுட்டு, மனந்திரும்பாம போன பையன். நான் என்னத்தச் சொல்ல?"

நல்ல மனிதர், பொய் சொல்ல வராது. ஆக, கொன்றவன் மேலே, செத்தவன் நெருப்பில். கடவுளின் நீதியை நான் குறை சொல்லவில்லை. கொஞ்சம் கை கொடுக்கலாமே என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

சோளக் கஞ்சி முதல் நாள் குழந்தைகளுக்கு ஆகும். நாள் போகப்போகப் புளித்துப் போதை ஏறிவிடும். இரட்சிக்கப்பட்டவர்கள் அதை வாயில் வைக்க மாட்டார்கள். நான் ஐந்தாம் நாள் வரை விட்டுவைத்தேன். திங்கட்கிழமை சந்தைக்குப் படகில் கிழங்கு மூட்டை கொண்டுபோக யோசாமுவைக் கூப்பிட்டேன். நடு ஏரியில் சுரைக்குடுவையை நீட்டினேன்.

"அம்மா, இது ஏறின கஞ்சியாச்சே. சபையில மாட்டிவிடப் பாக்குறீங்களா?"

"குளிருதேடா. குடிச்சுட்டு வெள்ளிக்கிழமை எழுந்து சொல்லு. கர்த்தர் உன்னக் கைவிடவா போறாரு?"

"நீங்களே சொல்றீங்க, அப்புறம் என்ன," என்று சிரித்தான். குடுவையைக் காலி செய்தான். சபையில் பாடக் கூடாத பாட்டு ஒன்று அவன் வாயில் வந்தது. நானும் தாளம் போட்டேன்.

திங்களுக்கும் வெள்ளிக்கும் நடுவில் நிறைய நேரம் இருக்கிறது, ஐயா.

குடைந்த மரப் படகில் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். நான் நின்றேன். கவிழ்ந்தது. எனக்கு நீச்சல் தெரியும். அவனுக்கும் தெரியும், ஆனால் அவனுக்குள் கஞ்சி இருந்தது. படகின் முதுகைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். ஜெபிக்கப் போகிறான் என்று புரிந்தது. "ஆண்டவரே" என்பது வரைக்கும் விட்டேன். அடுத்த வார்த்தை வருவதற்குள் துடுப்பை வாயில் இறக்கினேன். அந்த 'மன்னியும்' வெளியே வரும்வரை அவசரப்படாமல் இருந்திருக்கலாம் என்கிறீர்கள். வந்திருந்தால் எல்லாம் வீணாகப் போயிருக்கும்.

என் பெயரை எழுதுங்கள், செய்ததையும் எழுதுங்கள். விரோதம் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் அவனைச் சபை முன்னாலேயே மன்னித்தாயிற்று. மன்னிக்காமல் விட்டவர் கடவுள். அவரைக் கூப்பிட்டு விசாரியுங்கள்.