துவாய் போர்த்திய ஆட்டக்காரன்

— கோச்சராம் கோச்சர். கண்டறியாத கோச்சர். உம்மட மனுசன் எண்டதுக்காக நான் வாயைப் பொத்திக்கொண்டிருக்க மாட்டன் பிறேமினி, சொல்லிப்போட்டன். பாஸ்கற்போல் இறுதியாட்டத்தில அரைவாசி முடிஞ்சுது. என்ர பிள்ளை மேர்வின் இன்னும் பெஞ்சில, துவாயைப் போர்த்துக்கொண்டு காய்ச்சல்காரன் மாதிரி இருக்கிறான்.

— பொறுங்கோ அஞ்சலீனா அக்கா. இன்னும் அரைவாசி கிடக்குத்தானே. இந்தாங்கோ பிளேன்ரீ. ஒரு ரோல்ஸும் எடுங்கோ.

— உதோ ரோல்ஸ்? ஒண்டு திண்டு பாத்தனான். ஒரு பக்கத்தால கடிச்சுக்கொண்டு போய் மற்றப் பக்கத்தால வெளிக்கிட்டன், வழியில இறைச்சியைச் சந்திக்கேல்லை.

— நான் சுட்டதில்லை அக்கா. சங்கத்து ரோல்ஸ்.

— சங்கத்து ரோல்ஸ் எண்டு பாக்கவே தெரியுது. ஊரில ஆறு கல்லூரி இருந்துது, ஒருத்தற்ற முகத்தில ஒருத்தர் முழிக்கமாட்டினம். லண்டனுக்கு வந்து ஆறு பழைய மாணவர் சங்கம், ஆறு தலைவர், செயலாளர்மார் எத்தினை பேர் எண்டு கர்த்தருக்குத்தான் வெளிச்சம். குளிர்காலம் முழுக்க லீக் எண்டு போட்டு இழுத்து, பேந்து முதல் நாலு ரீமையும் கொண்டுவந்து இந்தக் கோலியர்ஸ் வுட் மண்டபத்தில ரெண்டு நாள் வெட்டுக்கொத்து. நேற்று அரையிறுதி, இண்டைக்கு இறுதி. கிண்ணத்தைப் பாரும், மீன் கழுவக்கூடக் காணாது.

— பெடியளுக்கு அது பெரிசுதானே அக்கா.

— பெடியளுக்கோ? கிழடுகளுக்கு. காலமை எங்கட சங்கத் தலைவர் சண்முகராசா அண்ணை கோட்டு சூட்டோட நிண்டு, கல்லூரி அன்னையின்ர மடி, மடி எண்டு சொல்லி அழுதாரே. அவர் எட்டாம் வகுப்போட அந்த மடியால குதிச்சு ஓடின ஆள் எண்டு என்ர மனுசன் சொன்னவர். ரெண்டு பேரும் ஒரே வாங்கில இருந்தவையாம்.

— அவருக்குக் காது நல்லாக் கேக்கும், மெல்லமாச் சொல்லுங்கோ. அக்கா, எனக்கு ஒரு உதவி செய்வியளே? கப் முடியப்போகுது. எங்கட கார் கீழ நிக்குது, டிக்கியில ஒரு பைக்கற் கிடக்கு. இந்தாங்கோ திறப்பு.

— நான் கப் தூக்கவோ வந்தனான்? ஞாயிற்றுக்கிழமை ஷிப்டை விட்டுப்போட்டு வந்திருக்கிறன். எயார்போர்ட்டில சாப்பாட்டுத் தட்டு அடுக்கிற இடத்தில என்ர சூப்பர்வைசரிட்டப் பல்லைக் காட்டி, அவளுக்கு ரெண்டு கலியாண வீட்டுக்கு நான் மாறி நிக்கிறன் எண்டு சொல்லி வாங்கின லீவு. உங்கட கடதாசிக் கப்புக்காக இல்லை.

— சரி சரி, விடுங்கோ.

— பாரும், தொடங்கிட்டாங்கள். எங்கட நீலச் சட்டைக்காரர் எட்டுப் புள்ளி பின்னுக்கு. உந்த நிரூபனைப் பாரும். அது ஓடுறதோ உருளுறதோ? பந்தைக் கண்டால் கும்பிடுறான், எறியிறதில்லை. அவன்ர தேப்பன் சங்கத்துப் பொருளாளர். அதால அவன் உள்ளுக்கு, என்ர பிள்ளை வெளியில.

— அதில்லை அக்கா. இவர் அப்பிடிப் பாக்கிற ஆள் இல்லை.

— உம்மட மனுசன் கஸ்பர் எப்பிடிப் பாக்கிற ஆள் எண்டு எனக்கு நல்லாத் தெரியும். முதுகெலும்பு இல்லாத மனுசன். நாங்கள் ஜேர்மனியால வந்த ஆக்கள். இஞ்ச எல்லாரும் ரீச்சர்மார், எக்கவுண்டன்மார். என்ர மனுசன் இன்னும் டோர்ட்முண்டில ஒரு ரெஸ்ரோறண்டில கோப்பை கழுவுறார். கோப்பை கழுவியின்ர மகனை எப்பிடி உள்ளுக்கு விடுறது?

— அக்கா, லீக்கில ஆகக்கூடப் புள்ளி எடுத்தது மேர்வின். அந்தா, பெரிய கிண்ணத்துக்குப் பக்கத்தில நிக்கிற சின்னக் கிண்ணம் அவருக்குத்தான். அவரை விளையாட விடாமலே அதைக் குடுக்கினம்?

— அதைத்தானே நானும் கேக்கிறன். நான் வேலைக்குப் போன நாளெல்லாம் அவன் சூரன். வீட்டை வந்து, அம்மா இண்டைக்கு இருபது, அம்மா இண்டைக்கு இருபத்திநாலு எண்டுவான். நான் லீவு எடுத்துக்கொண்டு வந்தால் துவாய். கிறிஸ்மஸுக்கு முந்தி ஒருநாள் வந்தன், துவாய். நேற்று வந்தன், துவாய். இண்டைக்கும் துவாய். முதல் மட்ச் ஒண்டைத்தான் கண்ணால கண்டனான், ஒக்டோபரில.

— அண்டைக்கு நானும் நிண்டனான்.

— நிண்டனீர்தானே. எப்பிடி விளையாடினவன் எண்டு பாத்தனீர்தானே. கடைசியில ஃப்ரீ த்ரோ, ஆரும் மறிக்கமாட்டாங்கள், சும்மா எறிஞ்சாலே போகும். ரெண்டையும் விட்டான். எனக்கு வந்த விசருக்கு, எழும்பி நிண்டு குடுத்தன்.

— ஓம். கேட்டது.

— கேக்கத்தானே கத்தினது. "நீயும் உன்ர கொப்பனைப் போலத் துவாய் பிடிக்கத்தான் லாயக்கு" எண்டன். எல்லாரும் சிரிச்சவை. நீரும் சிரிச்சனீர்.

— நான் சிரிக்கேல்லை அக்கா.

— உண்மையைத்தானே சொன்னனான். இவன்ர தேப்பனும் உதே கல்லூரி. அதாலதான் இவனுக்கு இந்த ரீமில இடம், பழைய மாணவன்ர பிள்ளை எண்டு. அந்தாள் மூண்டு வருசம் ரீமில இருந்து ஒரு நாள் பந்து தொட்டதில்லை. மற்றவங்களுக்குத் துவாயும் தேசிக்காயும் குடுத்தவர். கலியாணத்துக்குப் பிறகு எனக்குப் படம் காட்டினார், ஒரு மூலையில துவாயோட நிக்கிறார். வாழ்க்கை முழுக்க அப்பிடித்தான். ஜேர்மனியில பதினைஞ்சு வருசமா ஒரே தொட்டிக்கு முன்னால. நான்தான் பிள்ளைக்கு இங்கிலீசு வேணும் எண்டு இழுத்துக்கொண்டு இஞ்ச வந்தனான். அவர் பென்சன் வரட்டும், பிறகு வாறன் எண்டு அங்கயே நிக்கிறார்.

— அக்கா, நீங்கள் கார் விட்ட இடத்தில ஞாயிற்றுக்கிழமையும் ரிக்கற் எழுதுறாங்களாம். ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோவன்.

— நான் ரியூப்பில வந்தனான்.

— அப்ப சண்முகராசா அண்ணைக்கு இந்த ரீயை எண்டாலும்...

— அந்தாளுக்குக் கால் இல்லையோ? என்ன பிள்ளை, என்னை எழுப்பி அனுப்பிறதிலயே நிக்கிறீர். நான் கத்தினா உம்மட மனுசனுக்கு வெக்கமோ? இன்னும் கத்துவன். நேற்றும் கத்தினனான். உம்மட மனுசனை மரக்கட்டை எண்டன், நிரூபனை அரிசி மூட்டை எண்டன், பெஞ்சில இருந்த என்ர பிள்ளையையும் விடேல்லை. "கேட்டு வாங்கடா, வாய் இல்லையோ, கொப்பற்ற புத்தியோ" எண்டன். அவன் துவாயைத் தலைக்கு மேலால இழுத்து மூடிக்கொண்டு குனிஞ்சு இருந்தான்.

— கண்டனான்.

— இதைப் பாரும். பக்கத்து வீட்டுக் கிறிஸ்துராஜாவிட்ட இரவல் வாங்கின கமரா. இவன்ர தேப்பன் நெடுகக் கேக்கிறார், பிள்ளை விளையாடுறதை ஒருக்காப் படம் எடுத்து அனுப்பு அனுப்பு எண்டு. நேற்று மட்ச் முழுக்க டேப்பில எடுத்தன். இரவு போட்டுப் பாத்தால் என்ன இருக்கு? ஒரு துவாயும் ரெண்டு சப்பாத்தும். அதையோ டோர்ட்முண்டுக்கு அனுப்பிறது? உங்கட பரம்பரைத் தொழிலை மகனும் பழகிட்டான் எண்டு எழுதியோ?

— இண்டைக்கு வேற டேப் கொண்டுவந்தனீங்களே?

— அதே டேப்தான். இண்டைக்கு அவனை விட்டா மிச்சத்தில எடுப்பம் எண்டு. அங்க பாரும், நாலாவது குவாட்டரும் தொடங்கிட்டுது, கடைசிப் பகுதி. இப்ப ஆறு புள்ளிதான் பின்னுக்கு. மஞ்சள் சட்டைக்காரர் களைச்சிட்டாங்கள். ஈஸ்ட்ஹாமில இருந்து வான் பிடிச்சு வந்து பறை அடிச்சவையின்ர சத்தத்தையும் காணேல்லை. இப்ப மேர்வினை விட்டா வெல்லலாம். ஒரு மொக்கனுக்கும் விளங்கும்.

— இவருக்கும் விளங்கும் அக்கா.

— விளங்கினா விடட்டன். அந்தா விசில். ஆருக்கு? நிரூபனுக்கு. அஞ்சாவது ஃபவுல், அவன் இனி உள்ளுக்கு வர ஏலாது. போ ராசா, போய் ரோல்ஸ் தின். இனி ஆரை விடப்போறார்? உயரத்துக்கு மேர்வினைத் தவிர ஆள் இல்லை. அந்தா, உம்மட மனுசன் அவனைப் பாக்கிறார். அவன் துவாயை எடுக்கிறான். பாரும், எழும்பிறான்.

— அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன், ஒரு பத்து நிமிசம் வெளியில...

— ஏன் இஞ்ச மேல பாக்கிறான்? என்னைத்தான் பாக்கிறான். மேர்வின், போடா. ஏன் நிக்கிறாய்? போடா உள்ளுக்கு. என்ன இது, திரும்ப இருந்திட்டான். துவாயைப் போர்க்கிறான். மிதுலனை விடுறார். மிதுலனை. அவன் என்ர தோளுக்குக் கீழ நிப்பான். சரி. காணும். இண்டைக்கு நான் உம்மட மனுசனை ரெண்டில ஒண்டு பாக்கிறன்.

— எங்க அக்கா போறியள்?

— கீழ. சண்முகராசாவும் பாக்கட்டும், ஈஸ்ட்ஹாமும் பாக்கட்டும். கொலரில பிடிச்சுக் கேக்கப்போறன், என்ர பிள்ளையில உனக்கு என்னடா கோபம் எண்டு.

— இவருக்குக் கோபம் இல்லை. கேட்டது மேர்வின்.

— என்ன கேட்டவன்?

— சொல்லமாட்டன் எண்டு இவருக்குச் சத்தியம் பண்ணினனான். நீங்கள் கீழ போய்ப் பெடியனை இன்னும் கேவலப்படுத்தப் போறியள் எண்டபடியால் சொல்லுறன். ஒக்டோபர் மட்ச் முடிய, மற்றப் பெடியள் போன பிறகு, மேர்வின் எங்கட காரடியில வந்து நிண்டவர். "அங்கிள், அம்மா வாற நாளில என்னை இறக்காதேங்கோ" எண்டு கேட்டவர்.

— விசர்க் கதை.

— நான் காருக்குள்ள இருந்தனான் அக்கா. என்ர காதால கேட்டது. இவர் முதல் ஓம் எண்டு சொல்லேல்லை. "அம்மா ஏசினா என்ன தம்பி, என்ர அம்மாவும் ஏசினவ, காதில போடாதையும்" எண்டவர்.

— அவன்?

— விடுங்கோ அக்கா.

— அவன் என்ன சொன்னவன் எண்டு சொல்லும்.

— "என்னை ஏசினாப் பரவாயில்லை அங்கிள். நான் பந்தை விட்டால் அம்மா அப்பாவை ஏசுவா. எல்லாரும் சிரிப்பினம். அப்பா இஞ்ச இல்லை, அவருக்காக ஆர் கதைக்கிறது? நான் பெஞ்சில இருந்தா என்னையும் உங்களையும்தானே ஏசுவா" எண்டவர். அதுக்குப் பிறகுதான் இவர் வாக்குக் குடுத்தது. இண்டைக்குக் காலமையும் இவர் கெஞ்சிப் பாத்தவர், இறுதியாட்டம் எண்டு. இப்பவும் கண்ணால கேட்டவர். நீங்களே பாத்தனீங்கள்.

— நேற்றும் அவன் பெஞ்சிலதானே இருந்தவன்.

— இருந்தும் நீங்கள் அவற்ற அப்பாவை இழுத்தியள். அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளை ஒருத்தரோடயும் கதைக்கேல்லையாம். இருங்கோ அக்கா. தண்ணி தரட்டே?

— வேண்டாம். எவ்வளவு நேரம் கிடக்கு?

— ஏழு நிமிசம் காட்டுது.

— அப்ப கப் எடுக்க அனுப்பினது, கார் பாக்க அனுப்பினது...

— ஓம் அக்கா. வேற வழி தெரியேல்லை.

— என்ர கோட்டை எடும்.

— பின்பக்கப் படியால போங்கோவன். ஒருத்தரும் காணமாட்டினம்.

— ஒருத்தரும் காணாட்டி அவனும் காணான். பெஞ்சுக்கு முன்னாலதான் போகோணும். கோட்டும் போட்டு, பையும் தூக்கிக்கொண்டு. அப்பதான் நான் திரும்பி வரமாட்டன் எண்டு நம்புவான்.

— ஒண்டும் சொல்லாமலே போகப்போறியள்?

— வாயைத் திறந்தா என்ன வரும் எண்டு எனக்கே தெரியாது பிள்ளை. இந்தாரும், கமராவைப் பிடியும். இந்தச் சிவப்பு பட்டன். அவன் எழும்பின உடன அமத்தும், பேந்து முடியுமட்டும் கையை எடுக்காதையும்.

— சரி அக்கா. டேப்பில மிச்சம் கிடக்கே?

— மிச்சத்தில வேண்டாம். பின்னுக்குச் சுத்திப்போட்டு, நேற்று எடுத்ததுக்கு மேலயே எடும். அதில முழுக்க என்ர சத்தம் கிடக்கு. அந்த மனுசன் அதைக் கேக்கக் கூடாது.