கம்பி மூடியின் கீழே ஒரு காந்தம்

இந்தப் பாதுகாப்பு விழாவுக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் எங்கள் ரொட்டித் தொழிற்சாலையின் மேலாளர் அவர்களே! இந்தப் பெண் மைக்கைப் பிடித்து என்ன பேசித் தொலைக்கப் போகிறாளோ என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும் சூப்பர்வைசர் அண்ணன் அவர்களே! அடுப்பின் அனலில் அரை ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்ற பின்னும், அழைத்ததும் வந்து அவையை அழகு செய்யும் பெரியோர்களே! கணவனை, பிள்ளையைக் காலையில் இந்த வாசலுக்குள் அனுப்பிவிட்டு, மாலையில் அவர்களின் செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் காத்திருக்கும் தாய்மார்களே! மாவு பிசைந்து, வேகவைத்து, வெட்டி, அடுக்கி, வண்டியில் ஏற்றும் என் உழைப்பாளித் தோழர்களே! பொட்டலப் பிரிவில் ரொட்டிக்கு உறை போடும் உங்களில் ஒருத்தி, உங்கள் அனைவருக்கும் அன்பு சொல்லித் தொடங்குகிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அருமையாகப் பேசினார்கள். கையுறை அணிவீர் என்றார்கள், காலுறை அணிவீர் என்றார்கள், கவனம் கவனம் என்று முழங்கினார்கள். நீங்களும் கைதட்டிவிட்டு டீ எப்போது வரும் என்று திரும்பிப் பார்த்தீர்கள். நான் அருமையாகப் பேச வரவில்லை. அச்சத்தோடு வந்திருக்கிறேன், அந்த அச்சத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டுப் போக வந்திருக்கிறேன்.

என்ன அண்ணா? முழங்கால் நடுங்குதா என்று கேட்கிறீர்களா? நடுங்குகிறது. ஆனால் மேடையைப் பார்த்து அல்ல. இந்தக் கூட்டம் முடிந்ததும் மணி அடிக்கும், மெஷின்கள் சுற்றும். அதை நினைத்தால்தான் நடுங்குகிறது.

தாய்மார்கள் உள்ளே வந்து பார்த்ததில்லை. அதனால் சொல்கிறேன், உள்ளே வேலை செய்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாவு மெஷின் என்பது ஓர் ஆள் இறங்கி உட்காரக்கூடிய இரும்புத் தொட்டி. அதன் நடுவே தொடை தடிமனில் முறுக்கிய கொக்கி ஒன்று சுற்றும். மாவையும் தெரியாது, மனிதனையும் தெரியாது, எதைக் கொடுத்தாலும் பிசையும். அதனால் மேலே ஒரு கம்பி மூடி போட்டிருக்கிறார்கள். மூடியின் ஓரத்தில் ஒரு காந்தம், மெஷினின் சட்டத்துக்குள் வெளியே தெரியாமல் ஒரு சென்சார். காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை மூடி மூடியிருக்கிறது என்று மெஷின் நம்பும். மூடியைத் தூக்கினால் காந்தம் விலகும், மெஷின் அப்படியே நின்றுவிடும். அதைச் செய்தவன் யாரோ, எங்கோ இருக்கிறான். முகம் தெரியாத நம் கைகளுக்காகக் கவலைப்பட்டிருக்கிறான்.

நாம் என்ன செய்தோம்? பழைய ஸ்பீக்கரை உடைத்து இன்னொரு காந்தத்தை எடுத்தோம். சென்சார் இருக்கும் பக்கமாகச் சட்டத்தில் ஒட்டினோம். இனி மூடி திறந்திருந்தாலும் மெஷின் சுற்றும்! திறக்க வேண்டாம், நிறுத்த வேண்டாம், ஓடுகிற மெஷினுக்குள்ளேயே கையை விட்டு ஓரத்து மாவை வழித்துத் தள்ளலாம்! வேலை வேகம், மேலிடத்தில் பாராட்டு!

சிரிக்கிறீர்கள். எனக்குத் தெரியும், ஏன் சிரிக்கிறீர்கள் என்று. ஒரு புது ஆள் முதல்முதலாகத் தனியாக மெஷின் ஓட்டும் நாளில், மூத்தவர்கள் டீ வாங்கிக் கொடுத்து, தோளில் தட்டி, அவன் உள்ளங்கையில் என்ன வைத்து அழுத்துவீர்கள்? சொல்லுங்கள், தாய்மார்கள் கேட்கட்டும்! காந்தம்! "காந்தம் வாங்கிட்டியா?" என்று கேட்டால், "ஆளாயிட்டியா?" என்று பொருள். அதைச் சூப்பர்வைசர் கண்ணில் படாமல் ஒளித்து வைப்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கைவரிசை. ஒருவர் பெயின்ட் அடிப்பார், ஒருவர் கிரீஸ் பூசுவார். எங்கே ஒளித்தாய் என்று ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. அது உங்கள் மரியாதை.

என் வீட்டுக்காரருக்கும் அப்படி ஒரு காந்தம் கிடைத்தது. அவரை நீங்கள் 'புயல்' என்று கூப்பிடுவீர்கள். வீட்டில் ஒரு பல்பு மாற்றச் சொன்னால் ஒரு வாரம் ஆகும், அது வேறு கதை. மெஷின் முன்னால் மட்டும் புயல்தான்!

அன்று மதியம் நான் உறைக் கட்டுகளை எடுத்துக்கொண்டு மாவுப் பிரிவைக் கடந்தேன். ஒரு சத்தம் கேட்டது. கத்தல் இல்லை. மூச்சை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். திரும்பினேன். மூடி திறந்திருந்தது, மெஷின் சுற்றியது, என் கணவரின் வலது கை தோள்வரைக்கும் தொட்டிக்குள் இருந்தது. கொக்கி அவர் சட்டைக் கையைச் சுற்றி, கையையும் சேர்த்து முறுக்கிக்கொண்டிருந்தது.

அந்த நொடியில் கரண்ட் போனது.

ஆமாம் அம்மா, கரண்ட் போனது! யாரும் நிறுத்தவில்லை, யாரும் காப்பாற்றவில்லை. ஊருக்கெல்லாம் போனது, எங்களுக்கும் போனது. எத்தனை பேர் அன்றைக்குக் கரண்டுக்காரனைத் திட்டினார்களோ, நான் அந்த இருட்டில் அவனைக் கும்பிட்டேன்.

தப்பித்தோம் என்று நினைக்கிறீர்களா? நானும் நினைத்தேன். சூப்பர்வைசர் அண்ணன் ஓடி வந்தார், அவர் முகம் வெளுத்துப் போனது. ஏன்? எங்கள் மாவு மெஷின் பழையது. கரண்ட் போனால் நிற்கும், வந்தால் தானாகவே சுற்றும். அதை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் பழுதாகிக் கிடந்தது. தலைவர் அவர்களே, முகம் சுளிக்காதீர்கள், இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்! எப்போது கேட்டாலும் "பார்ட்ஸ் வரணும்" என்றார்கள். மெயின் சுவிட்ச் அறையில்தான் அணைக்க வேண்டும். அறை பூட்டியிருந்தது. சாவி எலக்ட்ரீஷியனிடம் இருந்தது. எலக்ட்ரீஷியன் எங்கே? கரண்ட் போனதும் கடமை தவறாமல் ஜெனரேட்டரைப் போடப் பின்கட்டுக்குப் போய்விட்டார்!

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! கை உள்ளே. மூடி மேலே. ஒரு நல்ல மனிதர், ஒன்றும் அறியாதவர், நமக்காக ஜெனரேட்டரின் பக்கம் நடந்துகொண்டிருக்கிறார். அவரைத் தடுக்க ஒருவர் ஓடினார். சட்டைக் கையை வெட்டக் கத்திரிக்கோலுக்கு ஒருவர் ஓடினார். "காந்தத்தை எடுத்தா போதும், மெஷின் சுத்தாது!" என்று சூப்பர்வைசர் அண்ணன் கத்தினார். எல்லாரும் சட்டத்தைத் தடவினோம். காந்தம் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? கண்ணில் படக்கூடாது என்றுதானே ஒளித்தது! கண்டுபிடிக்க வந்தவரிடமிருந்து மறைத்தது, காப்பாற்ற வந்தவரிடமிருந்தும் மறைந்துகொண்டது.

"எங்க வெச்சீங்க? சொல்லுங்க!" என்று அவர் முகத்தைப் பிடித்துக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற சூப்பர்வைசரைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"காந்தமா? எந்தக் காந்தம்? நான் ஒண்ணும் வைக்கலைங்க சார்."

இப்போது ஏன் யாரும் சிரிக்கவில்லை? கை கொக்கியில் இருக்கிறது, உயிர் தொண்டையில் இருக்கிறது, அப்போதும் அந்த மனிதர் வேலை போய்விடுமே என்று பொய் சொல்கிறார்! பின்கட்டில் ஜெனரேட்டர் ஒருமுறை இருமியது. இருமி அடங்கியது. 

சூப்பர்வைசர் அண்ணன் தரையில் மண்டியிட்டார். "டேய், உன் வேலை எங்கயும் போகாதுடா! என் புள்ளைங்க மேல சத்தியம்டா! எங்கடா வெச்ச?" என்று அழுதார். அண்ணே, தலை குனியாதீர்கள். அன்றைக்கு நீங்கள் அழுததால்தான் அவர் வாய் திறந்தார்.

"மூடிக் கீல்கிட்ட... மேல மாவைப் பூசி வெச்சிருக்கேன் சார்."

நாங்கள் எல்லாரும் தடவித் தடவிக் கடந்துபோன இடம்! காய்ந்த மாவுக் கறை என்று நினைத்த இடம்! அண்ணன் நகத்தால் சுரண்டினார், நகம் பெயர்ந்தது, காந்தம் பெயர்ந்தது. அது தரையில் விழுவதற்கும் ஜெனரேட்டர் உறுமுவதற்கும் இடையே ஒரு மூச்சு விடக்கூட நேரமில்லை. விளக்குகள் எரிந்தன. வெட்டும் மெஷின் ஓடியது, அடுக்கும் பட்டை ஓடியது, எல்லாமே ஓடின. மாவு மெஷின் மட்டும் நின்றது.

கை பிழைத்ததா என்று கேட்கிறீர்கள். கை இருக்கிறது. தோளிலிருந்து தொங்குகிறது. தம்ளரைப் பிடிக்காது, மகளுக்குத் தலை வாராது. உயிரோடு இருக்கிறாரே, அது போதும் என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். நானும் அதையே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் என் பயம் தீரவில்லை, தோழர்களே! நேற்று மாலை வேலை முடிந்து போகும்போது மாவு மெஷினின் பக்கம் போனேன். புதிய சிவப்புப் பொத்தான் பளபளத்தது, நல்லது. சும்மா சட்டத்தின் அடியில் கையை விட்டுப் பார்த்தேன். என் விரலில் குளிர்ந்த ஒன்று தட்டுப்பட்டது.

புதுக் காந்தம்.

அதே மெஷின்! அதே தொட்டி! இவ்வளவையும் கண்ணால் கண்ட அதே நாம்! யாருக்கோ டீ வாங்கிக் கொடுத்து, தோளில் தட்டி, உள்ளங்கையில் வைத்து அழுத்தியிருக்கிறோம்! யார் என்று எனக்குத் தெரியும். இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். நான் அதை ஏன் பிடுங்கி எறியவில்லை? எறிந்தால் நாளைக்கு வேறொன்று வரும், இன்னும் ஆழமாக ஒளியும். அதை எடுக்க வேண்டிய கை என் கை அல்ல.

பயப்படாதே, பயப்படாதே என்று சொல்லி நம்மை வளர்த்தார்கள். நான் சொல்கிறேன், பயப்படுங்கள்! சுற்றுகிற கொக்கிக்குப் பயப்படுங்கள்! கரண்ட் கம்பிக்குப் பயப்படுங்கள், கத்திக்குப் பயப்படுங்கள், கொதிக்கும் அடுப்புக்குப் பயப்படுங்கள்! ஆனால் மனிதனுக்கு மனிதன் பயந்து உண்மையை விழுங்காதீர்கள்! என் வீட்டுக்காரர் மெஷினுக்குப் பயப்பட வேண்டிய நேரத்தில் மேலதிகாரிக்குப் பயந்தார். அந்தப் பயம்தான் எங்களைக் கொல்லப் பார்த்தது.

தலைவர் அவர்களே! 'வேலை போகாது' என்ற அந்த வார்த்தையைச் சூப்பர்வைசர் அண்ணன் மண்டியிட்டு, அழுது, கடைசி நொடியில் சொன்னார். நீங்கள் இங்கே உட்கார்ந்தபடி, பதறாமல், இந்த மைக்கில் சொல்லக்கூடாதா? காந்தத்தைக் கொண்டுவந்து கொடுப்பவன் வேலை போகாது என்று சொல்லக்கூடாதா? மூடியைத் திறந்து மூடும் அந்தச் சிறு நேரத்தை எங்களுக்குத் தந்துவிட்டோம் என்று சொல்லக்கூடாதா? இதோ மைக்.

கேட்டீர்களா? "போகாது, நேரமும் உண்டு" என்கிறார்! சத்தமாகச் சொல்லுங்கள் ஐயா, கடைசி வரிசைக்குக் கேட்கட்டும். கேட்டதா? கேட்டதாம்!

அங்கே யார் எழுந்திருப்பது? வாங்க தம்பி. மேலாளர் முகத்தைப் பார்க்க வேண்டாம், சூப்பர்வைசர் முகத்தையும் பார்க்க வேண்டாம். என்னைப் பார்த்து நடந்து வாங்க. மெஷினிலிருந்து எடுத்தே வந்துவிட்டீர்களா? சட்டைப் பையிலா வைத்திருந்தீர்கள்? இந்த மேசையில் வையுங்கள். பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுகிறார்கள். வழி விடுங்கள், தாய்மார்களே, வழி விடுங்கள்!

இதோடு என் பேச்சை முடித்துக்கொள்கிறேன். பொறுமையோடு செவி கொடுத்த பெரியோர்களுக்கும், என்னோடு கண் கலங்கிய தாய்மார்களுக்கும், எழுந்து வந்த இந்தத் தம்பிகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இந்த மேடையில் நான் இரு கை கூப்பி விடைபெறுகிறேன். அதோ, முதல் வரிசையில் என் வீட்டுக்காரரும் எழுந்து நிற்கிறார். இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடித்து, அதோடு சேர்த்துவைத்து, உங்களுக்கு வணக்கம் சொல்கிறார். உங்கள் கைகளைத் தூக்கிவிட இன்னொரு கை வேண்டாத இந்த நாளிலேயே, அவருக்குப் பதில் வணக்கம் சொல்லுங்கள்.