செல்லன் கையில் போகாத பச்சை

20.8.2025, புதன்கிழமை, காலை மணி 10.20, கோலா சிலாங்கூர் போலீஸ் நிலையம். என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானே வந்தேன். நான் தமிழில் சொல்வதை சார்ஜன் பாலகிருஷ்ணன் எழுதிக்கொள்கிறார்.

பெயர் அன்பரசி, தந்தை பெயர் குமரவேல். வயது 22. பத்தாங் பெர்ஜுந்தாயில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் பெற்றோருடன் இருக்கிறேன். பாசிர் பெனம்பாங்கில் டாக்டர் மகாதேவா நடத்தும் இறால் நோய்ப் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு ஆண்டுகளாக உதவியாளராக வேலை செய்கிறேன்.

படிப்பு எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு வரைதான். ஆன்டிபாடிக்கு ஒளிரும் சாயம் ஏற்றும் வேலையை யூடியூப் பார்த்தும், இணையத்தில் அதற்கென்றே உள்ள ஒரு டிஸ்கார்ட் குழுவில் சேர்ந்தும் நானே கற்றுக்கொண்டேன். அந்தக் குழுவில் புதிதாக வருகிறவர்களுக்குப் பதில் எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. ஆன்டிபாடி என்பது ஒரு புரதம். எங்கள் கூடத்தில் அது இறாலில் இருக்கும் வைரஸை மட்டும் தேடிப் பிடிக்கும். பிடித்தது கண்ணுக்குத் தெரிய அதன்மேல் சாயத்தை ஒட்ட வேண்டும். புரதத்தில் அமீன் என்ற பகுதிகள் உண்டு, இந்தச் சாயம் அவற்றைத்தான் பற்றிக்கொள்ளும், பற்றினால் விடாது, நீல விளக்கில் பச்சையாக எரியும், அதை முதல்முறை பார்த்த அன்று நான் சாப்பிடவே இல்லை. சார்ஜன் நடந்ததை மட்டும் சொல்லச் சொன்னார். இதுவும் நடந்ததில் சேரும் என்றேன்.

11.8 திங்கட்கிழமை ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து புது ஆன்டிபாடி ஒரே ஒரு குப்பி வந்தது. எங்கள் டிரைவர் செல்லன்தான் அதை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். கூடத்தைக் கூட்டித் துடைப்பதும் அவரே. எங்கள் குளிர்பெட்டியில் ஈரம் அதிகம், அச்செழுத்து அழிந்துவிடும், அதனால் எந்தக் குப்பி வந்தாலும் அதன்மேல் டேப் சுற்றி, பெயரும் தேதியும் பேனாவால் எழுதுவது என் வழக்கம். அன்றும் அப்படியே சுற்றினேன். செல்லன் பக்கத்தில் நின்று, "தங்கச்சி, எழுத்து மறைக்குதே, கொஞ்சம் கீழ ஒட்டலாம்ல?" என்று கேட்டார். "அது அனுப்புனவங்க கதைண்ணே, எல்லாம் ஒண்ணுதான் லா," என்றேன். நான் அதைப் படிக்கவில்லை.

அதன் பிறகு டாக்டர் என்னிடம், பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சாயமேற்றிப் பார், சரியாக வந்தால் மீதியைப் பார்க்கலாம் என்றார்.

16.8 சனிக்கிழமை டாக்டர் புக்கிட் செந்தோசாவில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். கூடத்தில் நானும் செல்லனும் மட்டும் இருந்தோம். காலை 11 மணிக்கு நான் பத்தில் ஒரு பங்கை எடுக்காமல் குப்பி முழுவதையும் எடுத்தேன். அதிகமாகச் செய்தால் படம் நன்றாக வரும், குழுவில் போடலாம் என்பது தவிர வேறு காரணம் இல்லை. சாயம் புதுசு, அன்றுதான் பிரித்தேன். அதைக் கரைக்கும்போது கை தவறிப் பாதி மேசையில் கொட்டியது. செல்லன் துணியோடு வந்தார். கையுறை போடச் சொன்னேன். "மஞ்ச தண்ணிக்கு எதுக்கு கிளவ்ஸு? மீன் கொழம்பவிட மோசமா என்ன?" என்று சொல்லி வெறுங்கையால் துடைத்தார்.

அதன் பிறகு மிஞ்சிய சாயத்தை ஆன்டிபாடியோடு கலந்து, ஒரு மணி நேரம் இருட்டில் வைத்து, பின் கலவையைப் பிரித்தெடுக்கும் வடிகுழாயில் ஊற்றினேன். அதில் பெரியதாகிய புரதம் முதலில் இறங்கும், ஒட்டாத சாயம் பின்னால் இறங்கும். முதல் மூன்று சிறுகுழாய்களில் விழுந்தது நிறமில்லாமல் இருந்தது. நீல விளக்கில் காட்டினேன், இருட்டு. மஞ்சள் முழுவதும் கடைசியில்தான் வந்தது. எதுவும் ஒட்டவில்லை. சாயம் ஒட்டும் சக்தி போய்ச் செத்திருக்க வேண்டும், அல்லது குப்பியில் ஆன்டிபாடியே இல்லாமல் வந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். டாக்டருக்குத் தெரியாமல் மறைக்க நினைத்தேன். அதன் பிறகு காலிக் குப்பியில் பழைய அளவுக்குச் சுத்தத் தண்ணீர் ஊற்றி மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். மூன்று சிறுகுழாய்களையும் சாப்பாட்டுப் பையில் வீட்டுக்கு எடுத்துப் போய், ஃபிரிட்ஜில் முருங்கைக்காய்க்கு அடியில் வைத்தேன். ஏன் எறியவில்லை என்று சார்ஜன் கேட்டார். தோற்றுப்போனதையும் ஒரு வாரம் வைத்திரு என்பது எங்கள் குழுவில் விதி.

18.8 திங்கட்கிழமை காலை 9 மணிக்கு டாக்டர் குப்பியைச் சோதித்து, அதில் புரதமே இல்லை, தண்ணீர்தான் என்று கண்டார். யாரோ ஆன்டிபாடியைத் திருடி வேறு கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றார். பிறகு சாயம் திறந்திருப்பதைப் பார்த்து, இதைத் திறந்தவர்தான் அதையும் எடுத்தவர் என்று சொல்லி, நீல விளக்கை எடுத்து எங்கள் இருவர் கையிலும் வெளிச்சம் அடித்தார். நான் சனிக்கிழமை கையுறை போட்டிருந்தேன், என் கை சுத்தமாக இருந்தது. செல்லனின் வலது கையில் மூன்று விரல்கள் பச்சையாக எரிந்தன.

செல்லன், "தங்கச்சி ஊத்துனுச்சு டாக்டர், நான் தொடச்சேன், அவ்ளோதான்," என்றார். டாக்டர் என்னைப் பார்த்து, "அப்பிடியா அன்பு?" என்று கேட்டார். சனிக்கிழமை நான் அந்தச் சாயத்தைத் திறக்கவே இல்லை என்றேன். நான் சொன்னது பொய். செல்லன் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். போலீஸ் வந்து அவரையும் குப்பியையும் கொண்டுபோனார்கள்.

கேள்விக்குப் பதில்: ஆமாம், அவர் எடுத்திருக்கலாம் என்றும் நான் நினைத்தேன். குப்பி வரும்போதே காலியாக இருந்திருந்தால், கொண்டுவந்தவர் அவர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

19.8 செவ்வாய்க்கிழமை மாலை 6 மணிக்குச் செல்லனின் மனைவி நவமணி எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. என்மேல் சந்தேகம் எதுவும் காட்டவில்லை. "நீதான் படிக்கிற புள்ள, நீயே சொல்லு. ஞாயித்துக்கெழம எலுமிச்சம்பழம், சோப்பு, செங்கல்லு எல்லாம் போட்டு நானே தேச்சேன். அவரு வெரலு மஞ்சக்கற ஏன் போகல? கழுவுனா போயிருந்தா இன்னிக்கி உள்ள இருப்பாரா?" என்றார். தெரியவில்லை அக்கா என்றேன். அவர் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. செத்த சாயம் கழுவினால் போய்விடும். தோலும் புரதம்தான், உயிருள்ள சாயம் மட்டுமே அதில் ஒட்டிக்கொண்டு போகாமல் நிற்கும். அப்படியானால் சாயம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

முதலில் எனக்குப் பயம் கூடியது. சாயம் நல்லது என்றால் குப்பி காலி, செல்லன் திருடன் என்றாகிவிடும். அதன் பிறகு, ஆன்டிபாடியை விட்டுச் சாயத்தைத் தின்ன வேறு ஏதாவது அந்தக் குப்பியில் இருந்ததா என்று யோசித்தேன். டிரிஸ் என்று ஓர் உப்பு உண்டு, சில இடங்களில் ஆன்டிபாடியை அதன் கரைசலில் போட்டு அனுப்புவார்கள். அதிலும் அமீன் உண்டு. சாயம் முழுவதும் அதைப் பிடித்துக்கொள்ளும், ஆன்டிபாடி தொடப்படாமல் நிற்கும். டிரிஸில் இருப்பதை அப்படியே சாயத்தோடு கலக்காதே என்று குழுவில் நானே பதினொரு முறை எழுதியிருக்கிறேன், நேற்று எண்ணிப் பார்த்தேன்.

ஆகவே நான் கேட்பது இரண்டு. ஒன்று, உங்கள் வசம் உள்ள குப்பியில் நான் சுற்றிய டேப்பை உரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு, நான் ஐஸ் பெட்டியில் கொண்டுவந்திருக்கும் மூன்று சிறுகுழாய்களைச் சோதிக்க வேண்டும். ஆன்டிபாடி நிறமில்லாமல் அதில்தான் இருக்கிறது. ஐஸ் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், உறைய வைக்கக் கூடாது.

காலை 11.35க்கு ஓர் அதிகாரி குப்பியைக் கொண்டுவந்தார். உரிப்பதற்குள் எனக்கு இரண்டு முறை கழிவறை போக வேண்டியிருந்தது. டேப் ஈரத்தில் ஊறியிருந்ததால் கிழியாமல் வந்தது. கீழே அச்செழுத்து அழியாமல் இருந்தது. மூன்றாவது வரியை என்னைப் படிக்கச் சொன்னார்கள். டிரிஸ் என்று போட்டிருந்தது.

சார்ஜன் என் ஐஸ் பெட்டிக்குப் புது ஐஸ் கொண்டுவரச் சொன்னார். பிறகு, "செல்லன்கிட்ட எதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டார். டேப்பைக் கீழே ஒட்டச் சொன்னது சரிதான் என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டேன்.

இந்த நான்கு பக்கங்களையும் எனக்கு வாசித்துக் காட்ட முன்வந்தார்கள். வேண்டாம் என்று நானே வாங்கி, ஒரு வரியும் விடாமல் படித்தேன். எல்லாம் நான் சொன்னது, எல்லாம் நடந்தது. படித்து முடித்த பிறகே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
கு. அன்பரசி
20.8.2025, நண்பகல் 12.10